வாரப் பக்கங்களைத் தைத்து வைத்தவர்கள்
தமிழ் வாசகரின் விருப்பங்கள் உருவான விதம்

பழைய புத்தகக் கடைகளில் இன்றும் சில சமயம் ஒரு தனி வகைத் தொகுப்பு கண்ணில் படும். தடித்த அட்டை, துணி ஒட்டிய முதுகு, அதன்மேல் மையால் எழுதிய கதைப்பெயர், மூலையில் உரிமையாளரின் முதலெழுத்துகள். உள்ளே திறந்தால் பக்க எண் 17இலிருந்து 22க்குத் தாவும். அடுத்த தாளிலேயே 9 என்று நிற்கும். கதை முடியும் இடத்துக்குக் கீழே தலைவலித் தைல விளம்பரம் இருக்கும். தாளைத் திருப்பினால் வேறு யாரோ எழுதிய நகைச்சுவைத் துணுக்கின் பின்பாதி மட்டும் கிடைக்கும். முன்பாதி போன இடம் தெரியாது. வார இதழில் வந்த தொடர்கதையை வாராவாரம் கவனமாகக் கிழித்து எடுத்து, வரிசைப்படுத்தி, பைண்டிங் கடையில் கொடுத்து ஒரு குடும்பம் தானே உண்டாக்கிக்கொண்ட புத்தகம் அது. எந்தப் பதிப்பகமும் அதை வெளியிடவில்லை. வாசகரே அதன் பதிப்பாளர்.

தமிழில் வாசிப்பின் வரலாற்றைப் பற்றி யோசிக்கும்போது நான் இந்தத் தொகுப்புகளிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். 'எனக்குச் சரித்திர நாவல்தான் பிடிக்கும்', 'நான் துப்பறியும் கதை ரசிகன்', 'மொழிபெயர்ப்பு என்றால் விடமாட்டேன்' என்று வாசகர்கள் சொல்லும்போது, அதை அவரவர் மனப்போக்கு என்றே எடுத்துக்கொள்கிறோம். அது பாதி உண்மைதான். புத்தகம் எந்த வழியாகக் கைக்கு வந்தது, என்ன விலைக்கு வந்தது, யாருடன் சேர்ந்து படிக்கப்பட்டது என்பவையும் விருப்பத்தை வடிவமைக்கின்றன. தமிழ்நாட்டில் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் திறந்த வழிகளை வரிசையாகப் பார்த்தால், நம் வீடுகளில் ஆயுள் முழுக்கப் படித்தவர்கள் எப்படி உருவானார்கள் என்பது விளங்கும்.

காதால் படித்த காலம்

இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த 1835இல் வழி பிறந்தது. அதன்பின் அச்சான தமிழ் நூல்களில் பரவலாக விற்றவை, பெரிய எழுத்துப் புத்தகங்கள் என்று மக்கள் அழைத்த கதைநூல்கள். விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை போன்றவை சந்தையிலும் திருவிழாவிலும் விற்றன. சென்னையில் குஜிலிக் கடைத்தெரு அத்தகைய மலிவு வெளியீடுகளுக்கே பெயர்பெற்றது. எழுத்து பெரிதாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகியவரும், கண் மங்கியவரும், மண்ணெண்ணெய் விளக்கின் அடியில் உட்கார்ந்தவரும் படிக்க வேண்டும். ஒருவர் உரக்கப் படிப்பார். திண்ணையில் உள்ளவர்கள் கேட்பார்கள். எழுத்தறியாதவரும் அந்தப் புத்தகத்தின் வாசகர்தான்.

நாவல் இந்த வழக்கத்தை மெல்ல மாற்றியது. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சாயிற்று. ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்து, பிறகு நூலானது. தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்று இதழ்வழியாகவே வாசகரை அடைந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் இந்த மாற்றத்தை ஆராய்ந்திருக்கிறார். உரக்கப் படித்துப் பலர் கேட்ட இடத்தில், ஒருவர் தனியாக அமர்ந்து மௌனமாகப் படிக்கும் பழக்கம் நாவலோடு சேர்ந்து வளர்ந்தது என்பது அவர் காட்டும் முக்கியமான செய்தி. மௌன வாசிப்பு வந்ததும் என்ன படிப்பது என்ற தேர்வு தனிமனிதர் கைக்கு வந்தது. பெரியவர்களின் கவலையும் அங்கேதான் தொடங்கியது.

துப்பறிபவர்கள் சேர்த்த கூட்டம்

அந்தக் கவலைக்கு முதலில் ஆளானது துப்பறியும் நாவல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் தமிழ் வாசிப்பைப் பெருங்கூட்டத்திடம் கொண்டுபோனார்கள். ரங்கராஜுவின் துப்பறிவாளர் கோவிந்தன். வடுவூராருக்குத் திகம்பர சாமியார். ஆரணியார் ஷெர்லாக் ஹோம்ஸுக்கு ஆனந்தசிங் என்று பெயர் சூட்டித் தமிழுக்குக் கூட்டிவந்தார். ஆங்கிலத்தில் ரெயினால்ட்ஸ் எழுதிய மர்மக் கதைகளின் சாயல் இவற்றில் தூக்கலாக இருந்தது. இளைஞர்களும் பெண்களும் கெட்டுப்போவார்கள் என்று இதழ்களில் கண்டனங்கள் எழுந்தன.

ஆனால் இந்த நாவல்கள் செய்த ஒரு வேலையைக் கண்டனக்காரர்கள் பார்க்கவில்லை. கடைசிப் பக்கம்வரை விடாமல் படிக்கும் பயிற்சியை ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவை கொடுத்தன. பள்ளியில் சில ஆண்டுகளே படித்தவர், முந்நூறு பக்கங்களைத் தானே முடிக்க முடியும் என்று கண்டுகொள்வது சிறிய விஷயமில்லை. அந்தத் தன்னம்பிக்கை வந்தபின் அவர் எதையும் படிப்பார்.

வை. மு. கோதைநாயகியின் வாழ்க்கை இதற்குச் சான்று. சிறுவயதில் திருமணமாகி, பள்ளிக் கல்வி பெறாமல், கதை சொல்வதில் மட்டும் தேர்ந்திருந்தவர் அவர். முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி எழுதிக்கொடுத்தார். 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தத் தொடங்கி, தம் நாவல்களை அதில் வெளியிட்டார். எழுதிய நாவல்கள் நூற்றுக்கும் மேல். அவற்றை விரும்பிப் படித்தவர்களில் பெண்கள் மிகுதி. வீட்டுக்குள் வந்து சேர்ந்த மாத இதழ், வெளியே போக வாய்ப்பில்லாத வாசகிக்குத் தனக்கென ஒரு வாசிப்பு நேரத்தைக் கொடுத்தது. பின்னாளில் லக்ஷ்மி, அநுத்தமா, ராஜம் கிருஷ்ணன், சிவசங்கரி ஆகியோரின் எழுத்துக்குக் கிடைத்த வாசகியர் கூட்டம் இந்தத் தளத்தின் மேல் எழுந்ததே.

வாரம் தவறாத கதை

தமிழ் வாசகரின் விருப்பங்களை வேறு எதைக் காட்டிலும் ஆழமாக வடிவமைத்தது வார இதழின் தொடர்கதை. 1926இல் தொடங்கிய ஆனந்த விகடனை 1928இல் எஸ். எஸ். வாசன் வாங்கினார். கல்கி அதில் எழுதிப் புகழ்பெற்று, 1941இல் தம் பெயரிலேயே இதழ் கண்டார். 1947இல் குமுதம் வந்தது. இவற்றின் பக்கங்களில்தான் சரித்திர நாவல் என்ற வகை தமிழில் வேர்பிடித்தது. 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', பிறகு 1950 அக்டோபர் முதல் 1954 வரை மூன்றரை ஆண்டுகள் ஓடிய 'பொன்னியின் செல்வன்'.

1951 கணக்கெடுப்பின்போது இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் எழுத்தறிந்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். அந்தச் சூழலில் ஐந்து பாகங்கள் கொண்ட நாவல் ஒன்று வீட்டுப் பேச்சாக ஆனது எப்படி? விலை ஒரு காரணம். ஐந்து பாகங்களைப் புத்தகமாக வாங்க முடியாத குடும்பம் வாரத்துக்குச் சில அணாக்கள் கொடுக்க முடிந்தது. பகிர்வு இன்னொரு காரணம். ஓர் இதழ் வீட்டில் எல்லோர் கையும் கடந்து, அடுத்த வீட்டுக்கும் போய்வந்தது. படிக்கத் தெரிந்த பிள்ளை பாட்டிக்குப் படித்துக் காட்டியது. மௌன வாசிப்பு வந்த பிறகும் உரக்கப் படிக்கும் பழைய வழக்கம் தொடர்கதையில் உயிரோடு இருந்தது. மணியத்தின் ஓவியங்கள் மூன்றாவது காரணம். வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் அவர் கொடுத்த முகங்களே பல வாசகர்களின் மனத்தில் இன்றுவரை நிற்கின்றன.

நான்காவது காரணம் காத்திருப்பு. புத்தகத்தை ஒரே மூச்சில் படித்து முடிப்பவர் ஆசிரியர் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார். ஒரு வாரம் காத்திருப்பவர் அடுத்த அத்தியாயத்தைத் தாமே மனத்தில் எழுதிப் பார்க்கிறார், அலுவலகத்தில் விவாதிக்கிறார், இதழுக்குக் கடிதம் போடுகிறார். 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டதற்காகவே கல்கி முடிவுரை எழுத வேண்டியிருந்தது. நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவப் பண்டாரத்தாரும் எழுதிய சோழர் வரலாற்று நூல்களுக்குத் தாம் பட்ட கடனையும் கல்கி சொல்லியிருக்கிறார். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு போன வாசகர்கள் உண்டு. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வி அவர்களைக் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டுவரை அழைத்துச் சென்றது. ராஜராஜனின் தொடக்க ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, கொலைக்குக் காரணமான துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரையும் அவர்களுடைய உறவினரின் உடைமைகள் பறிக்கப்பட்டதையும் குறிப்பிடுகிறது. வார இதழில் தொடங்கிய ஆர்வம் கல்வெட்டு வாசகத்தில் வந்து நிற்பதை நான் வாசிப்பின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்றாகக் கருதுகிறேன்.

தொடர்கதை என்றாலே பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதும் பிழை. உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில்தான் வாராவாரம் வந்தது. 1942இல் அவர் மறைந்ததால் நிறைவு பெறாமல் நின்றது. ஏட்டுச் சுவடி தேடிய கதையைப் புலவர் அல்லாதவர்களும் ஆவலோடு படித்தார்கள். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் அதே இதழில் வந்து பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அந்தக் கதையின் முடிவை மாற்றி வைத்து அவர் மேலே எழுதிய நாவல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதுவும் தொடராக வந்து, 1972க்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. தீவிரமும் வெகுமக்கள் வாசிப்பும் ஒரே தாளின் இரு பக்கங்களில் அச்சான காலம் அது. பைண்டு செய்தவர்கள் இரண்டையும் சேர்த்தே தைத்தார்கள்.

அரையணா முதல் ஒரு ரூபாய் வரை

மலிவு விலை திறந்த வழிகளும் பல. 1947இல் வந்த 'அம்புலிமாமா' குழந்தைகளுக்கு வேதாளத்தை அறிமுகம் செய்தது. 'தினத்தந்தி'யின் 'கன்னித்தீவு' 1960 முதல் டீக்கடைகளிலும் முடிதிருத்தும் கடைகளிலும் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கு அன்றாடப் பாடமானது. தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லால் ஒரு தலைமுறைச் சிறுவர்களைப் பிடித்துக்கொண்டார். 1972இல் சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' இரும்புக்கை மாயாவியோடு வந்தது. ராணிமுத்து, மாலைமதி போன்ற மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கின. ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தார். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி ஆகிய துப்பறியும் இணைகளுக்கு நண்பர்களைப் போல வாசகர்கள் இருந்தார்கள். 1968இல் குமுதத்தில் 'நைலான் கயிறு' வழியாக வந்த சுஜாதாவின் கணேஷ், பின்னர் வந்து சேர்ந்த வசந்த்துடன், துப்பறியும் கதைக்குள் நவீன உரைநடையையும் அறிவியலையும் கொண்டுவந்தார்.

மொழிபெயர்ப்புக்கும் தனி வழிகள் இருந்தன. மராத்தியிலிருந்து கா. ஸ்ரீ. ஸ்ரீ. கொண்டுவந்த காண்டேகர், தமிழ் எழுத்தாளர்களுக்கு நிகராகப் படிக்கப்பட்டார். வங்க நாவல்களைத் த. நா. குமாரசுவாமி போன்றோர் தந்தார்கள். மாஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் அனுப்பிய நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றது. நல்ல தாள், கெட்டி அட்டை, மிகக் குறைந்த விலை. சிற்றூர் மாணவர் ஒருவர் தஸ்தயெவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' நூலை ரா. கிருஷ்ணையாவின் தமிழில் சொந்தமாக வாங்க முடிந்தது. தமிழ் வாசகரிடம் ரஷ்ய இலக்கியத்துக்கு உள்ள நெருக்கத்துக்கு மேதைகளின் எழுத்து எவ்வளவு காரணமோ, அந்த விலையும் அவ்வளவு காரணம்.

வண்டியில் வந்த நூலகம்

வாங்க முடியாதவருக்கு இருந்த பெரிய வழி நூலகம். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924இல் பொறுப்பேற்றார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. 1931இல் வெளியான அவருடைய ஐந்து நூலக விதிகள் உலகம் முழுவதும் பாடமாகின. நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை; ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும்; ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும்; வாசகரின் நேரம் வீணாகக் கூடாது; நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது அவற்றின் சாரம். அதே 1931இல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலிலிருந்து மாட்டு வண்டி நூலகம் ஒன்று ஊர்களுக்குப் புறப்பட்டது. பொறியாளர் கனகசபைப் பிள்ளையின் முயற்சி அது.

1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. சுதந்திர இந்தியாவில் அத்தகைய முதல் சட்டம் இதுதான். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்பட்டு, அந்தப் பணம் நூலகங்களுக்குப் போகும் ஏற்பாடு பிறந்தது. ஒரு வாசகரின் விருப்பத்துக்கு ஊரே சிறு பங்கு கொடுக்கிறது என்பது இதன் பொருள். கிளை நூலகத்தின் மர அலமாரிகளில் நா. பார்த்தசாரதியும் சாண்டில்யனும் தி. ஜானகிராமனும் எண் வரிசைப்படி அருகருகே நின்றார்கள். எது உயர்ந்தது என்று சொல்ல அங்கே யாருமில்லை. பிடித்ததை எடுத்துப் போன வாசகர், அது கிடைக்காத நாளில் பக்கத்தில் இருந்ததை எடுத்தார். பல வாசகர்களின் திசை அப்படித்தான் திரும்பியது.

யாழ்ப்பாணத்தின் கதை இதே வேட்கையின் இன்னொரு வடிவம். கே. எம். செல்லப்பா 1933இல் தம் வீட்டில் தொடங்கிய சிறு நூலகம், பொதுமக்களின் ஆதரவால் பொது நூலகமாக வளர்ந்தது. அதன் அமைப்புக்கு ரங்கநாதனின் ஆலோசனையும் கிடைத்தது. 1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரு நூலகம் எரிந்ததை ஒரு மக்கள் தங்கள் வாழ்வின் பேரிழப்பாக இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றால், வாசிப்பு அவர்களுக்கு ஓய்வுநேர வேலையாக மட்டும் இருக்கவில்லை என்று பொருள்.

ஏணியா, பந்தியா?

வெகுமக்கள் வாசிப்பு இவ்வாறு பெருகியபோது அதை எதிர்த்த குரல்களுக்கும் நேர்மையான காரணங்கள் இருந்தன. க. நா. சுப்ரமண்யம் தொடர்கதை மோகத்தைக் கடுமையாக விமர்சித்தார். விமர்சித்ததோடு நிற்காமல், 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டு நல்ல நூல்களை அறிமுகம் செய்தார்; நட் ஹாம்சனையும் செல்மா லாகர்லெவையும் தமிழில் பெயர்த்தார். சி. சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். லட்சுமி கிருஷ்ணமூர்த்தியின் வாசகர் வட்டம் 'சாயாவனம்' போன்ற நூல்களை அழகிய பதிப்புகளாகக் கொடுத்தது. இவர்கள் இல்லையென்றால் தமிழ் நவீன இலக்கியத்துக்கு இன்றுள்ள வாசகர் வட்டம் இல்லை.

இந்த விமர்சன மரபிலிருந்து ஒரு கருத்து நம்மிடையே படிந்துவிட்டது. காமிக்ஸ், பிறகு துப்பறியும் கதை, பிறகு சரித்திர நாவல், கடைசியில் இலக்கியம் என்று வாசகர் படிப்படியாக ஏறுகிறார். ஏறியபின் கீழ்ப்படியை மறந்துவிட வேண்டும் என்பது அந்தக் கருத்து. நீண்ட காலம் படித்தவர்களின் அலமாரிகள் இதை ஆதரிப்பதில்லை. அவற்றில் புதுமைப்பித்தனும் தேவனின் 'துப்பறியும் சாம்பு'வும் சேர்ந்தே இருக்கும். அசோகமித்திரனை ஆழ்ந்து படிப்பவர் உடல்நலமில்லாத நாளில் சுஜாதாவை எடுப்பார். அறுபது வயதிலும் லயன்-முத்து காமிக்ஸுக்குச் சந்தா கட்டுபவர் சங்கப் பாடல்களுக்கு உரை தேடுவார். விருந்துப் பந்தியில் பாயசம் உண்பவர் ரசத்தை இழிவாக நினைப்பதில்லை, வாசகரும் அப்படியே. ஒரு வகையை விட்டு இன்னொன்றுக்குப் போவதைவிட, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்வதே வாழ்நாள் வாசகரின் இயல்பு.

தரம் என்ற கேள்வி இதனால் மறைந்துவிடாது. க. நா. சு. போன்ற விமர்சகர் வேண்டும். எது கலை, எது சரக்கு என்று சொல்லும் துணிவும் வேண்டும். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்க, முதலில் படிக்கும் பழக்கமுள்ள ஒரு கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தவர்கள் ரங்கராஜுவும் கோதைநாயகியும் கல்கியும் தமிழ்வாணனும்.

சேர்த்து வைத்தவர்களின் கொடை

பைண்டு செய்த தொகுப்புகளின் மதிப்பு இங்கேதான் முழுதாகத் தெரிகிறது. கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார், விளம்பரப் பலகை ஓவியராகத் தொழில் செய்தபடி ஆயுள் முழுக்க அச்சில் வந்த அனைத்தையும் சேர்த்தார். நாவல், இதழ், நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் எதையும் அவர் தள்ளவில்லை. 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, நாட்டைவிட்டு எடுத்துச் செல்லாமல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக அமையச் செய்தது. இன்று தமிழ்ச் சமூக வரலாறு எழுதும் எவரும் அதன் வாசலை மிதிக்காமல் இருக்க முடியாது. தரம் பார்த்துச் சேர்க்கும் அலமாரியில் குஜிலிப் பாட்டுக்கும் துப்பறியும் நாவலுக்கும் இடம் கிடைத்திருக்காது. எல்லா வகையையும் மதித்த ஒரு வாசக மனமே அவற்றைக் காப்பாற்றியது.

ஆகவே, பிள்ளைகள் படிப்பதில்லை என்று வருந்துகிற நாம் கவனம் செலுத்த வேண்டியது அவர்களின் ரசனையைத் திருத்துவதில் அன்று, வழிகளைத் திறப்பதில். கிளை நூலகத்துக்குப் புதிய நூல்கள் தவறாமல் வர வேண்டும். நூலக வரியாக மக்கள் கொடுக்கும் பணம் முழுதும் நூலாக அலமாரியை அடைய வேண்டும். பள்ளியில் நூல்கள் பூட்டிய பீரோவிலிருந்து வெளியே வர வேண்டும். குழந்தை எடுக்கும் முதல் புத்தகம் காமிக்ஸாக இருந்தால் அதைப் பிடுங்கக் கூடாது. வாராந்தரிகளின் பழைய இதழ்கள் கணினிப் படிகளாக எல்லோர்க்கும் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் என்று ரங்கநாதன் சொன்னபோது, எந்த வாசகர், எந்த நூல் என்று அவர் வடிகட்டவில்லை. அந்தப் பெருந்தன்மையை நம் வீடுகளும் பள்ளிகளும் அரசும் கைக்கொண்டால், அடுத்த தலைமுறையும் தனக்குப் பிடித்ததைத் தானே தேடி, சேர்த்து, தைத்து வைத்துக்கொள்ளும்.